கேட்க இயலாதவர்களுக்குக் கணக்கு

நாம் செய்யும் வேலைகளில் பெரும்பாலானவற்றில் நம்மைத் திருத்துவதற்கு ஒருவர் இருக்கவே செய்கிறார். சாம்பாரில் உப்பு மிகுந்தால் உண்பவர் முகம் சுளிக்கிறார். சட்டையின் தோள் இறங்கிவிட்டால் உடுத்துபவர் தையற்காரரிடம் திரும்பி வருகிறார். பாடம் விளங்காவிட்டால் மாணவன் கேள்வி கேட்கிறான். அவன் தயங்கினாலும் தேர்வுத்தாள் காட்டிக்கொடுத்துவிடுகிறது. பிறர் குறை கூறுவார்களே என்ற அச்சமே நம்மில் பலரை ஒழுங்காக வேலை செய்ய வைக்கிறது என்றால் அது மிகையாகாது.

ஆனால் யாருக்காக வேலை செய்கிறோமோ அவரால் குறை கூறவே இயலாது என்றால்? தமக்குச் செய்யப்பட்டது நன்றா தீதா என்று அறியும் ஆற்றலும், அறிந்தாலும் எடுத்துச் சொல்லும் மொழியும் அவருக்கு இல்லை என்றால், அந்த வேலையைச் செய்பவரை நேர்வழியில் நிறுத்துவது எது? இந்த அறக் கேள்வியை நாள்தோறும் எதிர்கொள்ளும் ஒரு தொழில் உண்டு. அதுதான் குழந்தைகளுக்கான அறுவை சிகிச்சை.

நம் நாட்டில் இத்துறையினரின் அமைப்பு, 1965ஆம் ஆண்டில் இந்திய அறுவை சிகிச்சை நிபுணர்கள் சங்கத்தின் ஒரு பிரிவாகத் தொடங்கியது. பின்னர் அது இந்தியக் குழந்தைகள் அறுவை சிகிச்சை நிபுணர்கள் சங்கம் என்று தனியாக வளர்ந்தது. ஆண்டுக்கு ஒருமுறை ஏதேனும் ஒரு நகரில் அதன் மாநாடு கூடுகிறது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது மற்ற மாநாடுகளைப் போலவே தோன்றும்: கழுத்தில் பெயரட்டை, கையில் பை, கருவி விற்கும் நிறுவனங்களின் அரங்குகள், மதிய விருந்து. இத்தனை மருத்துவர்கள் தத்தம் நோயாளிகளை விட்டுவிட்டு ஓரிடத்தில் ஏன் கூட வேண்டும் என்றும் சிலர் கேட்பதுண்டு. அந்தக் கூட்டத்திற்கு ஓர் அறப்பொருள் இருக்கிறது. அதை விளங்கிக்கொள்ள ஐதராபாத் நகரத்தின் வரலாறு நமக்கு இரண்டு பாடங்களைத் தருகிறது. ஒன்று, மருத்துவர்கள் கூடிச் செய்த ஒரு பிழையைப் பற்றியது. மற்றொன்று, மருத்துவர் அல்லாத ஒரு பெண்மணி எழுப்பிய கேள்வியைப் பற்றியது. அவற்றுக்கு முன், நோயாளியின் நிலையைச் சற்று எண்ணிப் பார்ப்போம்.

பேசாத நோயாளி

பிறந்து இரண்டு நாளே ஆன ஒரு சிசு. எடை இரண்டரைக் கிலோ. அதன் உணவுக்குழாய் வயிறுவரை செல்லாமல் மார்பின் நடுவிலேயே முடிந்துவிடுகிறது. கீழ்ப்பகுதியோ மூச்சுக்குழாயோடு ஒட்டியிருக்கிறது. வாயில் நுரை தள்ளுகிறது. ஊட்டிய பால் மூச்சுத் திணறலாக மாறுகிறது. சில ஆயிரம் பிறப்புகளில் ஒன்றுக்கு இக்குறை நேர்கிறது. மார்பைத் திறந்து, மூச்சுக்குழாயிலிருந்து உணவுக்குழாயைப் பிரித்து, அதன் இரு முனைகளையும் சேர்த்துத் தைக்க வேண்டும். தைக்கப்படும் குழாய்க்கு ஒரு பென்சிலின் பருமன்கூட இருக்காது.

அறுவை முடிந்தபின் அந்தத் தையல் எங்கேனும் தளர்ந்திருந்தால் அதை உணரக்கூடியவர் தைத்தவர் ஒருவரே. குழந்தை சொல்லாது. பெற்றோர் கதவுக்கு வெளியே கைகூப்பி நிற்கிறார்கள். குழந்தை பிழைத்தால் மருத்துவரைத் ‘தெய்வம்’ என்பார்கள். பிழைக்காவிட்டால் ‘எங்கள் விதி’ என்பார்கள். இவ்விரு சொற்களும் அன்பிலிருந்தும் துயரத்திலிருந்தும் வருபவை. எனினும் இரண்டுமே மருத்துவரை விசாரணையிலிருந்து விடுவித்துவிடுகின்றன.

அவருக்கு மனசாட்சி இல்லையா என்று கேட்கலாம். இருக்கிறது. ஆனால் தனியே விடப்பட்ட மனசாட்சி, நாளடைவில் நமக்கு வேண்டியவரைப் போலப் பேசப் பழகிவிடுகிறது. ‘குழந்தை தாமதமாக வந்தது’, ‘எடை குறைவு’, ‘கிருமித் தொற்று’ என்று அது சொல்லும் காரணங்கள் பொய்யாகவும் இருக்க வேண்டியதில்லை. உண்மையான காரணங்களின் பின்னால்தான் நம் குறை மிக வசதியாக ஒளிந்துகொள்கிறது. ஆகவே அதே வேலையைத் தம் கையால் செய்த மற்றொருவர் எதிரே அமர்ந்து, ‘அந்த முனையை எவ்வளவு இழுத்துத் தைத்தீர்கள்? குழந்தை வந்து எத்தனை மணி நேரம் கழித்து அரங்குக்குக் கொண்டுசென்றீர்கள்?’ என்று கேட்க வேண்டியிருக்கிறது. குழந்தை கேட்டிருக்க வேண்டிய கேள்விகளை அதன் சார்பில் சக மருத்துவர் கேட்கிறார். மாநாட்டின் அறப்பொருள் இதுவே.

சபையில் வைத்த தோல்வி

இதே நோயின் வரலாற்றில் நினைவில் வைக்கத்தக்க ஒரு நிகழ்ச்சி உண்டு. 1930களின் இறுதிவரை உணவுக்குழாய் அடைபட்டுப் பிறந்த குழந்தைகள் ஏறக்குறைய அனைவரும் இறந்தனர். 1940ஆம் ஆண்டில், அமெரிக்காவின் பாஸ்டன் நகரக் குழந்தைகள் மருத்துவமனையைச் சேர்ந்த தாமஸ் லான்மன் என்ற அறுவை மருத்துவர் ஒரு கட்டுரை வெளியிட்டார். அதில் அவர் தொகுத்திருந்தவை 32 குழந்தைகளின் வரலாறுகள். அவற்றுள் ஒன்றுகூடப் பிழைக்கவில்லை.

எந்த மனிதனும் 32 தோல்விகளை ஊரறியச் சொல்ல விரும்பமாட்டான். இந்தக் குழந்தைகளின் பெற்றோர் எவரும் அவரை அப்படிச் செய்யுமாறு வற்புறுத்தியிருக்க இயலாது. எனினும் லான்மன் தாம் கண்டதை மறைக்காமல் எழுதினார். உரிய காலத்தில் குழந்தை வந்து சேர்ந்து, அனுபவமும் செய்முறையும் மேம்பட்டால், இரு முனைகளையும் நேரே இணைக்கும் அறுவை வெகுவிரைவில் வெற்றி பெறும் என்ற தமது நம்பிக்கையையும் அதே கட்டுரையில் தெரிவித்தார். மறு ஆண்டிலேயே, 1941இல், மிச்சிகன் மாநிலத்தின் ஆன் ஆர்பர் நகரில் கேமரன் ஹெய்ட் என்பவர் அந்த அறுவையைச் செய்து ஒரு குழந்தையைப் பிழைக்க வைத்தார். அவரும் அதற்கு முன் தோல்விகளைக் கண்டவரே. இன்று நல்ல வசதியுள்ள மருத்துவமனைகளில், வேறு பெருங்குறைகள் இல்லாத இத்தகைய குழந்தைகளில் பத்துக்கு ஒன்பதுக்கு மேல் பிழைக்கின்றன.

அந்த 32 குழந்தைகளின் வாழ்வு சில நாட்களே நீடித்தது. ஆனால் அவற்றின் மரணம் மருத்துவமனைக் கோப்புகளில் புதைந்துபோகவில்லை. பின்னால் பிறந்த குழந்தைகளுக்கு அது வழிகாட்டியது. தோல்வியைச் சபையில் வைத்த ஒருவரின் நேர்மையால் விளைந்த நன்மை இது.

ஐதராபாத்தின் முதற்பாடம்

அப்படியானால் பலர் கூடிவிட்டால் உண்மை தானே வெளிவந்துவிடுமா? இல்லை என்பதை ஐதராபாத் நமக்கு உணர்த்துகிறது.

19ஆம் நூற்றாண்டில் அறுவை சிகிச்சைக்குக் குளோரோஃபார்ம் என்ற மயக்க மருந்து பெரிதும் பயன்பட்டது. சில நோயாளிகள் அதைச் சுவாசித்ததும் திடீரென்று இறந்தனர். மருந்து இதயத்தைத் தாக்குகிறதா, மூச்சை மட்டும் தாக்குகிறதா என்ற விவாதம் எழுந்தது. ஐதராபாத் மருத்துவப் பள்ளியின் தலைவராக இருந்த எட்வர்ட் லாரி என்ற ஆங்கிலேய மருத்துவர், இதயத்திற்கு எந்த ஆபத்தும் இல்லை, மூச்சைக் கவனித்தால் போதும் என்று உறுதியாக நம்பினார். அன்றைய நிஜாம் மீர் மஹ்பூப் அலி கானின் பொருளுதவியுடன் 1888இல் ஒரு ஆய்வுக்குழு அங்கே அமைந்தது. அதன் முடிவை உலகம் ஐயுற்றதால், லண்டனின் ‘லான்செட்’ இதழ் ஒரு பிரதிநிதியை அனுப்பிவைக்க நிஜாம் 1000 பவுன் அளித்தார். லாடர் பிரன்டன் என்ற புகழ்பெற்ற மருத்துவர் வந்தார். 1889இல் இரண்டாம் குழு நூற்றுக்கணக்கான விலங்குகளிடம் சோதனை நடத்தி, லாரியின் கருத்தே சரி என்று அறிவித்தது.

அந்த முடிவு தவறானது. மயக்கம் ஆழமாக இல்லாத நிலையில் குளோரோஃபார்ம் இதயத்தின் துடிப்பைக் குலைத்து நிறுத்திவிடக்கூடும் என்பதை 1911இல் குட்மன் லெவி என்பவர் சோதனை மூலம் காட்டினார்.

லாரி வஞ்சகர் அல்லர். தம் நோயாளிகளின் நலனை விரும்பியவரே. ஆனால் எதை நிறுவ வேண்டும் என்று முன்பே தீர்மானித்துவிட்டு அவர் சான்று தேடினார். சாட்சிகள் இருந்தனர், செல்வம் இருந்தது, உழைப்பு இருந்தது. தாம் தவறாக இருக்கலாம் என்ற பணிவு மட்டும் இல்லை. அந்தப் பணிவு இல்லாத சபை, ஒருவரின் பிழையைப் பலரின் பிழையாகப் பெருக்கிவிடுகிறது. மேடையில் வெற்றிகளை மட்டும் காட்டிக் கைத்தட்டல் பெறும் எந்த மாநாட்டுக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும்.

குருதி சொன்ன சாட்சியம்

இப்பிழை பழங்காலத்தோடு முடிந்துவிடவில்லை. 1980கள் வரையிலும்கூட, பிறந்த சிசுக்களுக்கும் குறைமாதக் குழந்தைகளுக்கும் வலி உணர்வு முழுமையாக இல்லை என்ற கருத்து மருத்துவ உலகில் பரவலாக இருந்தது. நரம்புகள் முதிரவில்லை என்றனர். வலுவான மயக்க மருந்து சிசுவின் உயிருக்கே ஆபத்து என்றும் அஞ்சினர். அந்த அச்சத்தில் ஓரளவு நியாயமும் இருந்தது. இதன் விளைவாக, உடலை அசையவிடாமல் செய்யும் மருந்தையும் மிக மென்மையான மயக்க வாயுவையும் மட்டும் கொடுத்து மார்பைத் திறக்கும் வழக்கம் பல நல்ல மருத்துவமனைகளிலும் இருந்தது. குழந்தை அழவில்லை, அழ இயலாதபடி செய்யப்பட்டிருந்தது. அந்த அமைதியையே வலியின்மைக்குச் சான்றாக அவர்கள் எடுத்துக்கொண்டனர்.

இந்தூரில் மருத்துவம் பயின்று ஆக்ஸ்ஃபோர்டுக்குச் சென்ற கன்வல்ஜீத் சிங் ஆனந்த் என்ற இந்திய மருத்துவர், அறுவை அரங்கிலிருந்து திரும்பிய குறைமாதக் குழந்தைகள் வெளிறித் துவண்டு கிடப்பதைக் கண்டார். ஏன் இப்படி என்று கேட்டார். குழந்தையிடம் கேட்க வழியில்லை. ஆகவே அதன் குருதியைச் சோதித்தார். கடும் வேதனையில் உடல் சுரக்கும் பொருள்கள் அதில் மிகுந்திருந்தன. வலிநீக்கும் மருந்தையும் சேர்த்துப் பெற்ற குழந்தைகளிடம் அவை குறைவாக இருந்தன. அறுவைக்குப் பிந்தைய சிக்கல்களும் குறைந்தன. 1987இல் இந்த ஆய்வு வெளியானது. அதே ஆண்டில் அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம், சிசு என்ற காரணத்திற்காக மட்டும் மயக்க மருந்தை மறுப்பது முறையன்று என்று அறிவித்தது. உலகெங்கும் வழக்கம் மாறியது.

இங்கே நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்தக் காலத்து மருத்துவர்கள் கொடியவர்கள் அல்லர். தம் வீட்டுக் குழந்தைக்கு முள் தைத்தாலும் பதறியிருப்பார்கள். புகார் வராத இடத்தில் துன்பமும் இல்லை என்று நம்புவது மனித இயல்பு. அந்த இயல்புக்கு அவர்கள் இரையானார்கள். இரக்கம் மிக்கவரும் இதற்கு விலக்கல்லர் என்பதே இதிலுள்ள அச்சம்.

பலனில் பற்றின்மையும் பலனில் அசிரத்தையும்

சிந்தனையாளர் ஒருவர் இங்கே ஓர் ஐயத்தை எழுப்பலாம். ‘கடமையைச் செய், பலனில் பற்று வைக்காதே என்றல்லவா பெரியோர் சொல்கிறார்கள்? எத்தனை குழந்தைகள் பிழைத்தன, எத்தனை இறந்தன என்று எண்ணிக்கொண்டிருப்பது பலனில் பற்று ஆகாதா?’

இது ஆழ்ந்து நோக்க வேண்டிய ஐயம். பலனில் இரண்டு பகுதிகள் உண்டு. ஒன்று, குழந்தைக்கு விளைவது: அது உயிர் வாழுமா, உண்ணுமா, பள்ளிக்குச் செல்லுமா என்பது. மற்றொன்று, மருத்துவருக்கு விளைவது: புகழ், பதவி, ‘நான் செய்தேன்’ என்ற நிறைவு. விட வேண்டியது இரண்டாவதை. முதலாவதையும் விட்டுவிட்டால் அது பற்றின்மை ஆகாது, அசிரத்தை ஆகும். நடைமுறையில் பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். குழந்தைக்கு விளைந்ததை விதியிடம் ஒப்படைத்துவிட்டு, தமக்கு விளையும் புகழை மட்டும் கவனமாகக் காத்துக்கொள்கிறார்கள்.

உண்மையில், பற்றற்றவரால் மட்டுமே கணக்கைச் சரியாகப் பார்க்க முடியும். தன் பெயரில் பற்றுள்ளவர் ஏட்டைத் திறக்கும்போதே கை நடுங்குகிறது. ஓர் எண்ணை மறைக்கத் தோன்றுகிறது. எழுந்து நின்று, ‘இந்தக் குழந்தையை நான் இழந்தேன், இந்த இடத்தில் என் முடிவு பிழை’ என்று சக மருத்துவர் முன் சொல்பவர், அந்தக் கணத்தில் தம்மைப் பற்றிய எண்ணத்தை விட்டிருக்கிறார். அதைக் கேட்பவர்களுக்கும் ஒரு கடமை உண்டு. ஏளனம் செய்யும் சபையில் எவரும் இரண்டாம் முறை உண்மை பேசமாட்டார்கள்.

கணக்கு எடுப்பதிலும் ஓர் ஆபத்து ஒளிந்திருக்கிறது. எடை குறைந்த, இதயக் குறையும் கொண்ட, கடைசி நேரத்தில் வந்த குழந்தையை ‘எங்களிடம் வசதியில்லை’ என்று திருப்பி அனுப்பிவிட்டால் மருத்துவரின் கணக்கு அழகாக இருக்கும். மிகக் கடினமான குழந்தைகளை ஏற்பவரின் கணக்கோ மோசமாகத் தோன்றும். இதை உணர்ந்தே, லண்டனில் பணியாற்றிய டேவிட் வாட்டர்ஸ்டன் 1962இல் இக்குழந்தைகளை எடை, நுரையீரல் அழற்சி, பிற பிறவிக் குறைகள் ஆகியவற்றைக் கொண்டு மூன்று வகையாகப் பிரித்தார். அதன்பின் ஒவ்வொரு வகையிலும் எத்தனை குழந்தைகள் பிழைத்தன என்று ஒப்பிட முடிந்தது. கடினமான சுமையை ஏற்றவருக்கு நியாயம் செய்யாத கணக்கு, சுமையைத் தட்டிக் கழிப்பவருக்குப் பரிசளிக்கிறது.

ஓர் இளவரசியின் கேள்வி

இனி, ஐதராபாத்தின் இரண்டாம் பாடம். நகரின் ரெட் ஹில்ஸ் பகுதியில் நிலோஃபர் மருத்துவமனை இருக்கிறது. தெலங்கானாவின் ஊர்கள் பலவற்றிலிருந்தும் ஏழைப் பெற்றோர் நோயுற்ற குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வரும் அரசு மருத்துவமனை அது. குழந்தைகளுக்கான அறுவை சிகிச்சையும் அங்கே நடைபெறுகிறது.

அதற்குப் பெயர் தந்த நிலோஃபர், துருக்கியின் உஸ்மானிய அரச குலத்தில் பிறந்தவர். கடைசி நிஜாமின் இரண்டாம் மகனை 1931இல் மணந்து ஐதராபாத்துக்கு வந்தவர். அவருக்குக் குழந்தைகள் இல்லை. 1949இல் அவரது பணிப்பெண் ஒருத்தி பிரசவத்தில் இறந்தாள். அந்நாளில் பிரசவத்தில் பெண்கள் இறப்பது புதிதன்று. ஒரு பணிப்பெண்ணின் மரணத்திற்கு அரண்மனையில் யாரும் கணக்குக் கேட்டிருக்கமாட்டார்கள். வருந்திவிட்டு, குடும்பத்திற்குச் சிறிது பொருள் கொடுத்துவிட்டு இருந்திருக்கலாம். நிலோஃபரோ இனி இப்படி ஒருத்தி சாகக்கூடாது என்று மருத்துவமனைக்கு முயன்றார். அது 1953இல் உருவாயிற்று.

இறந்தவளால் கேட்க முடியாத கேள்வியை இருப்பவர் ஒருவர் கேட்டார். கத்தியைத் தொடாதவராலும் கணக்குக் கேட்க முடியும் என்பதை அவர் காட்டினார்.

நாம் ஒப்புவிக்க வேண்டிய கணக்கு

அந்தக் கணக்கில் நமக்கும் பங்கு உண்டு. நம் நாட்டில் இத்தகைய குழந்தைகள் பல, தாமதமாகக் கொண்டுவரப்படுவதாலேயே இறக்கின்றன. பேசாத குழந்தை சில அடையாளங்களால் பேசுகிறது. பிறந்தவுடன் வாயில் ஓயாமல் நுரை தள்ளுவது, பச்சை நிறத்தில் வாந்தி எடுப்பது, மலத்துவாரம் இல்லாதிருப்பது ஆகியவை உடனே மருத்துவமனைக்கு விரைய வேண்டிய அறிகுறிகள். இரண்டு வாரங்களுக்குப் பிறகும் மஞ்சள் காமாலை நீடித்து, மலம் சுண்ணாம்பு போல வெளுத்திருந்தால், பித்தநாளம் அடைபட்டிருக்கலாம். ஜப்பானின் சென்டாய் நகர மருத்துவர் மோரியோ கசாய் 1950களில் கண்ட அறுவை முறை இதற்கு உதவுகிறது. ஆனால் குழந்தைக்கு 60 நாள் ஆவதற்குள் செய்தால்தான் பலன் மிகுதி. ‘வெயிலில் காட்டினால் சரியாகிவிடும்’ என்று அறிவுரை கூறி நாள் கடத்தும் அண்டை வீட்டாரும் உறவினரும், தாம் அறியாமலே அந்தக் குழந்தையின் கணக்கில் இடம்பெற்றுவிடுகிறார்கள். பிறந்தது பெண் என்பதால் சிகிச்சைக்குத் தயங்கும் குடும்பங்களும் உண்டு. இப்படித் தயங்குவோரையும் அந்தக் குழந்தை ஒருநாளும் கேள்வி கேட்கப்போவதில்லை.

இன்னும் சற்று விரித்துப் பார்த்தால், நம் ஒவ்வொருவர் பொறுப்பிலும் பேச இயலாத சிலர் இருக்கிறார்கள். படுக்கையில் கிடக்கும் முதியவர், மழலையர் பள்ளிக் குழந்தை, மனநலம் குன்றிய உறவினர், கொட்டிலில் கட்டியிருக்கும் மாடு. தொண்டு செய்வோருக்கும் இது பொருந்தும். வெள்ள நிவாரணத்திற்குக் கிழிந்த துணியைக் கொடுத்தாலும் பெறுபவர் கைகூப்பத்தான் செய்கிறார். இலவச முகாமில் மூன்று நிமிடத்தில் பார்த்து அனுப்பிய நோயாளியும் நன்றி சொல்லித்தான் போகிறார். அந்தக் கைகூப்பை நம் பணிக்குக் கிடைத்த நற்சான்றாகக் கொள்ளலாமா? கொடுத்த துணியை அவர் உடுத்த முடிந்ததா, கொடுத்த மருந்து நோயைத் தீர்த்ததா என்று நாம் எப்போதாவது திரும்பிச் சென்று பார்த்ததுண்டா?

ஆண்டுக்கு ஒருமுறை மருத்துவர்கள் கூடித் தம் ஏட்டைத் திறக்கிறார்கள். அவர்களுள் சிறந்தவர்கள் வெற்றிகளோடு இழப்புகளையும் கொண்டுசெல்கிறார்கள். அறப்பணி செய்யும் ஒவ்வொரு குழுவும், ஒவ்வொரு குடும்பமும்கூட, ஆண்டுக்கு ஒருநாள் அப்படி அமர்ந்து, நம்மைக் கேள்வி கேட்க இயலாதவர்கள் யார், அவர்களுக்கு நாம் செய்தது என்ன என்று எண்ணிப் பார்ப்பது நல்லது. அன்று நம்மைத் திருத்தக்கூடிய ஒருவரை உடன் அமர்த்திக்கொள்வது இன்னும் நல்லது.